ரிச்சர்ட் ஆர்க்ரைட்

சர் ரிச்சர்ட் ஆர்க்ரைட் (டிசம்பர் 23, 1732 – ஆகஸ்ட் 3, 1792) இங்கிலாந்தைச் சேர்ந்த தொழில் முனைவோரும், பருத்தி நூற்பு இயந்திரங்களை வளர்த்தெடுத்தவரும் ஆவார். நீர்ச்சட்டம் எனப்படும் நூற்பு இயந்திரத்துக்கு 1769 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1771 ஆம் ஆண்டில் டார்பிசயர் மாவட்டத்தின் குரோம்போர்டு என்னும் சிற்றூரில் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவத் தொடங்கினார். தொழிற்புரட்சியின் வரலாற்றில் இவ்வாலை ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

ஆர்க்ரைட்டின் பெயர் பொதுவாக ஓர் இயந்திரத்துடன் சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. எனினும், அவ்வியந்திரத்தின் அடிப்படைக் கருத்து அவருடையதுதானா என்பது அவர் வாழ்ந்த காலத்திலேயே நீதிமன்றம் வரை சென்ற வினாவாகும். அவருடையது என ஐயமின்றிக் கூறத்தக்கது வேறொன்று. இயந்திரம், நீர்விசை, தொழிலாளர், குடியிருப்பு ஆகியவற்றை ஓரிடத்தில் இணைத்த ஆலைமுறையும், அவ்வாலைகள் டெர்வென்ட் ஆற்று வடிநிலத்தில் சங்கிலிபோல் பரவிய அமைப்புமே அது.

இளமைக்காலம்

ஆர்க்ரைட் லங்காசயர் மாவட்டத்தின் பிரஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ஒரு தையற்காரர். பிள்ளைகள் பலர் இருந்த ஏழைக் குடும்பமாதலால் ஆர்க்ரைட்டைப் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை. எல்லன் என்னும் உறவினர் ஒருவரிடம் எழுதப் படிக்கக் கற்றார். பின்னர், அருகிலுள்ள கிர்க்காம் என்னும் ஊரில் முடிதிருத்துபவர் ஒருவரிடம் தொழில் பழகினார்.

1750களில் போல்டன் நகருக்குச் சென்று முடிதிருத்துபவராகவும், பொய்முடி செய்பவராகவும் தொழில் நடத்தினார். அக்காலத்தில் மேல்தட்டு ஆண்கள் பொய்முடி அணிவது வழக்கமாக இருந்தது. நீரில் நனைந்தாலும் நிறம் மங்காத சாயம் ஒன்றை அவர் பொய்முடிகளுக்குப் பயன்படுத்தினார். 1755 ஆம் ஆண்டில் பேஷன்ஸ் ஹோல்ட் என்பவரை மணந்தார். அவ்வாண்டிலேயே ரிச்சர்ட் என்னும் மகன் பிறந்தார். மறு ஆண்டில் மனைவி இறந்துவிட்டார். 1761 ஆம் ஆண்டில் மார்கரெட் பிகின்ஸ் என்பவரை இரண்டாவதாக மணந்தார். இவர்களுக்குப் பிறந்த சூசன்னா என்னும் மகள் வளர்ந்து ஆளானார்.

பொய்முடிக்கான முடியை வாங்குவதற்காக ஆர்க்ரைட் ஊர் ஊராகச் சென்றுவந்தார். லங்காசயரின் சிற்றூர்களில் வீடுதோறும் நூற்பும் நெசவும் நடந்துகொண்டிருந்த காலம் அது. நெசவாளர்களுக்கு நூல் போதவில்லை என்பதும், நூற்பதற்கு இயந்திரம் அமைக்கப் பலர் முயன்றுவருகின்றனர் என்பதும் இப்பயணங்களின்போது அவருக்குத் தெரியவந்திருக்கலாம். பொய்முடி அணியும் வழக்கம் குறையத் தொடங்கியதும் அவர் வேறு தொழிலை நாடியதற்கு ஒரு காரணமாகும்.

நூற்பில் இருந்த சிக்கல்

துணி நெய்வதற்கு நெடுக்காக அமையும் பாவு நூலும், குறுக்காக ஓடும் ஊடை நூலும் தேவை. தறியில் இழுத்துக் கட்டப்படுவதால் பாவு நூல் வலுவாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் அக்காலத்தில் கையால் நூற்கப்பட்ட பருத்தி நூலுக்கு இந்த வலு இருக்கவில்லை. இதனால் ஆளி நாரிலிருந்து பெறப்பட்ட லினன் நூலைப் பாவாகவும், பருத்தி நூலை ஊடையாகவும் கொண்டு கலப்புத் துணியே நெய்யப்பட்டது. முழுப் பருத்தித் துணியைத் திறம்பட நெய்தவர்கள் இந்தியாவின் கைவினைஞர்கள். சோழமண்டலக் கரை, வங்காளம், குசராத்து ஆகிய பகுதிகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற பருத்தித் துணிகளுக்கு அங்கே பெரும் வரவேற்பு இருந்தது. தமது தொழிலைக் காக்க வேண்டும் என்ற உள்நாட்டுக் கம்பளி, பட்டு உற்பத்தியாளர்களின் வற்புறுத்தலால், அச்சிட்ட பருத்தித் துணிகளை அணிவதையும் பயன்படுத்துவதையும் பெருமளவு தடை செய்யும் சட்டம் ஒன்று 1721 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

1764 ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் உருவாக்கிய ஸ்பின்னிங் ஜென்னி ஒரே நேரத்தில் பல நூல்களை நூற்றது. ஆனால் அந்நூல் மென்மையானது. ஊடைக்கு மட்டுமே ஏற்றது. அதை வீட்டில் வைத்துக் கையாலேயே இயக்க முடிந்ததால் தொழிலும் வீட்டிலேயே இருந்தது. இந்நிலையை மாற்றியது நீர்ச்சட்டம் ஆகும்.

நீர்ச்சட்டம்

1767 ஆம் ஆண்டில் ஆர்க்ரைட், வாரிங்டனைச் சேர்ந்த ஜான் கே என்னும் கடிகாரம் செய்பவரைச் சந்தித்தார். இவர் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே அல்லர். அதே பெயருடைய வேறொருவர். இவர் அதற்கு முன்னர் லீ என்னும் ஊரைச் சேர்ந்த தாமஸ் ஹைஸ் என்பவருடன் உருளைகளைக் கொண்டு நூற்கும் இயந்திரம் ஒன்றில் வேலை செய்திருந்தார். கே ஆர்க்ரைட்டுக்கு மாதிரி இயந்திரம் ஒன்றைச் செய்துகொடுத்தார். 1768 ஆம் ஆண்டில் இருவரும் பிரஸ்டனில் ஒரு வீட்டின் அறையில் இயந்திரத்தைச் செப்பமாக்கினர். ஜான் ஸ்மாலி என்பவர் இதற்குப் பண உதவி செய்தார்.

இயந்திரத்தின் செயற்பாடு எளிமையானது. பஞ்சுத்திரி அடுத்தடுத்து அமைந்த பல சோடி உருளைகளுக்கு இடையே செல்கிறது. ஒவ்வொரு சோடியும் தனக்கு முந்தைய சோடியைவிட வேகமாகச் சுழல்வதால் திரி இழுபட்டு மெலிதாகிறது. மெலிந்த திரிக்குக் கதிர் முறுக்கேற்றி, நூலாகச் சுற்றிக்கொள்கிறது. உருளைகளுக்கு இடையிலான தொலைவு பருத்தி இழையின் நீளத்துக்குப் பொருந்தி இருக்க வேண்டும். தொலைவு மிகக் குறைந்தால் இழைகள் அறுபடும். மிகக் கூடினால் திரி சீரற்று ஒழுகும். மேல் உருளைகள் எடைக் கற்களால் அழுத்தப்பட்டதால் திரி நழுவாமல் பற்றப்பட்டது.

உருளை நூற்பு என்னும் கருத்து புதியதன்று. லூயிஸ் பால், ஜான் வயாட் ஆகியோர் 1738 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்று ஆலைகளும் நடத்தியிருந்தனர். ஆனால் அவர்களது முயற்சி ஆதாயம் தரவில்லை. உருளைகளின் இடைவெளியையும் அழுத்தத்தையும் சரியாக அமைத்து இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவைத்ததே ஆர்க்ரைட் குழுவினரின் வெற்றியாகும். கிடைத்த நூல் பாவுக்கு ஏற்ற வலுவுடன் இருந்தது. 1769 ஆம் ஆண்டு சூலையில் இவ்வியந்திரத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

நாட்டிங்காமிலிருந்து குரோம்போர்டுக்கு

லங்காசயரில் நூற்பு இயந்திரங்களுக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. ஹார்கிரீவ்சின் இயந்திரங்கள் கூட்டத்தினரால் உடைக்கப்பட்டு, அவர் நாட்டிங்காமுக்குச் செல்ல நேர்ந்தது. ஆர்க்ரைட்டும் 1768 ஆம் ஆண்டில் அந்நகருக்கே சென்றார். நாட்டிங்காம், டார்பி, லெஸ்டர் ஆகிய நகரங்களைச் சூழ்ந்த பகுதி காலுறை பின்னும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சட்டப் பின்னல் இயந்திரங்களுக்குச் சீரான, வலுவான நூல் பெருமளவில் தேவைப்பட்டது.

காலுறை வணிகர்களான நாட்டிங்காமின் சாமுவேல் நீட், டார்பியின் ஜெடிடையா ஸ்டிரட் ஆகியோர் ஆர்க்ரைட்டின் பங்காளிகள் ஆயினர். ஸ்டிரட், வரியமைப்புள்ள காலுறைகளைப் பின்னும் கருவியால் ஏற்கெனவே புகழ்பெற்றவர். நாட்டிங்காமில் அமைத்த முதல் ஆலை குதிரைகளால் இயக்கப்பட்டது. குதிரைகளுக்கு ஆகும் செலவு மிகுதி. இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் அதனால் இயலவில்லை. எனவே பங்காளிகள் நீர்விசையை நாடினர். இயந்திரத்துக்கு நீர்ச்சட்டம் என்னும் பெயர் வந்தது இம்மாற்றத்தாலேயே ஆகும்.

நீர்விசையால் இயங்கும் ஆலை டெர்வென்ட் ஆற்றுக்குப் புதிதன்று. டார்பி நகரில் லோம்ப் உடன்பிறந்தாரின் பட்டு முறுக்காலை 1721 ஆம் ஆண்டளவிலேயே இவ்வாற்றின் நீரால் இயங்கியது. ஆனால் ஆர்க்ரைட் தெரிவுசெய்தது டார்பியை அன்று; ஆற்றின் மேற்பகுதியில் குன்றுகளுக்கிடையே இருந்த குரோம்போர்டு என்னும் சிற்றூரையே ஆகும். இதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது காரணம் நீர். 1771 ஆம் ஆண்டில் அவர் முதலில் பயன்படுத்தியது பெரிய ஆறாகிய டெர்வென்டை அன்று. அதில் கலக்கும் பான்சல் ஓடையையும், ஈயச் சுரங்கங்களிலிருந்து நீரை வெளியேற்ற வெட்டப்பட்ட குரோம்போர்டு வடிகாலையுமே அவர் பயன்படுத்தினார். நிலத்தடியிலிருந்து வரும் வடிகால் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாக ஓடியது. வெதுவெதுப்பாக இருந்ததால் குளிர்காலத்தில் உறையவுமில்லை. சிறிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, பேராற்றைத் தடுப்பதற்கு ஆகும் செலவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது காரணம் உழைப்பு. அப்பகுதியின் ஆண்கள் பலர் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்தனர். அவர்களது குடும்பங்களின் பெண்களையும் சிறுவரையும் குறைந்த கூலிக்கு அமர்த்த முடிந்தது. மூன்றாவது காரணம் சந்தை. நூலை வாங்கும் காலுறைத் தொழில் டெர்வென்டின் கீழ்ப்பகுதியிலும் டிரென்ட் ஆற்றுப் பகுதியிலும் இருந்தது. இயந்திரத்தை உடைப்போரின் எல்லைக்கு அப்பால் இருந்ததும் ஒரு நன்மையாகும். மறுபுறம், குரோம்போர்டுக்கு நல்ல சாலையோ கால்வாயோ இருக்கவில்லை. பஞ்சைத் தரைவழியாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. நீரின் நிலைத்த ஓட்டம் இக்குறையை ஈடுசெய்தது.

குரோம்போர்டு ஆலையும் ஊரும்

முதல் ஆலை ஐந்து மாடிகளைக் கொண்டது. 1776 ஆம் ஆண்டளவில் இரண்டாவது ஆலை கட்டப்பட்டது. 1775 ஆம் ஆண்டில் ஆர்க்ரைட் மற்றொரு காப்புரிமையைப் பெற்றார். பஞ்சைச் சீவி இழைகளை நேராக்குதல், பட்டையாக்குதல், திரியாக இழுத்தல் ஆகிய முன்தயாரிப்பு வேலைகள் அனைத்தையும் இது உள்ளடக்கியது. இதன் மூலம், பஞ்சு ஒரு முனையில் நுழைந்து நூலாக மறுமுனையில் வெளிவரும் தொடர் உற்பத்தி முறை உருவானது.

1774 ஆம் ஆண்டில், ஆர்க்ரைட்டும் பங்காளிகளும் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பிரித்தானியாவில் செய்யப்படும் முழுப் பருத்தித் துணிகளை நாடாளுமன்றம் அனுமதித்து, அவற்றின் மீதான வரியையும் குறைத்தது. நீர்ச்சட்ட நூலைப் பாவாகக் கொண்டு, இந்தியத் துணிகளுடன் போட்டியிடும் துணிகளைப் பிரித்தானியாவில் நெய்வதற்கு இது வழிவகுத்தது.

ஆலை இரவும் பகலும் இயங்கியது. தொழிலாளர் இரண்டு முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 13 மணி நேரம் நீடித்தது. வாயிற்கதவுகள் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அடைக்கப்பட்டன. தாமதமாக வந்தவர்கள் கூலியை இழந்தனர். பருவத்தையும் பகலொளியையும் ஒட்டி உழைத்துப் பழகிய மக்களுக்கு இது முற்றிலும் புதிய ஒழுங்காகும். இருளில் ஒளிரும் பல்கணிகளைக் கொண்ட இவ்வாலைகளை டார்பியைச் சேர்ந்த ஓவியர் ஜோசப் ரைட் ஓவியமாகத் தீட்டியுள்ளார்.

தொழிலாளருட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும் ஆவர். தொடக்கத்தில் ஏழு வயதுச் சிறுவர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டனர். பின்னர் குறைந்த வயது பத்தாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகள் பலரைக் கொண்ட குடும்பங்களையே ஆர்க்ரைட் விரும்பிக் குடியேற்றினார். 1776 ஆம் ஆண்டளவில் வடக்குத் தெருவில் அவர் கட்டிய மூன்று மாடி வீடுகளின் அமைப்பே இதைக் காட்டுகிறது. மேல் மாடி, நீண்ட சன்னல்களுடன் நெசவுக்கென அமைந்தது. தந்தை வீட்டில் தறியில் நெய்ய, மனைவியும் மக்களும் ஆலையில் நூற்றனர். விடுதி, சந்தை, சிறுவர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆகியனவும் ஊரில் உருவாயின. வீடும் வேலையும் ஒரே உரிமையாளரிடம் இருந்ததால், வேலையை இழந்தவர் வீட்டையும் இழக்க நேரிடும் நிலை இருந்தது.

டெர்வென்ட் வடிநிலத்தில் ஆலைகளின் பரவல்

குரோம்போர்டின் வெற்றிக்குப் பின் ஒரே தலைமுறைக்குள் டெர்வென்ட் ஆறும் அதன் கிளையாறுகளும் நூற்பாலைகளால் நிரம்பின. இப்பரவலில் ஓர் ஒழுங்கைக் காணலாம்.

மேற்பகுதியில், கிளையாறுகளின் குறுகிய பள்ளத்தாக்குகளில் தனித்த ஆலைகள் தோன்றின. வை ஆற்றின் கரையில் பேக்வெல், கிரெஸ்புரூக் ஆகிய இடங்களில் ஆர்க்ரைட் 1770களின் இறுதியில் ஆலைகளை அமைத்தார். எக்கிள்ஸ்போர்ன் ஓடையின் கரையில் விர்க்ஸ்வொர்த்துக்கு அருகே ஹார்லெம் ஆலை 1780 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. இங்கு ஓடை நீர் போதாமையால், நீராவி எந்திரம் ஒன்று நீரை மேலேற்றி மீண்டும் சக்கரத்தின் மீது விழச்செய்தது. நீராவி அப்போது நீருக்கு மாற்றாக அன்றி, நீருக்குத் துணையாகவே இருந்தது.

நடுப்பகுதியில், போதிய அனுபவமும் முதலும் சேர்ந்த பின்னரே, பேராறு நேரடியாகப் பயன்படுத்தப்பட்டது. 1783 ஆம் ஆண்டில் ஆர்க்ரைட் டெர்வென்டின் கரையிலேயே மாசன் ஆலையைக் கட்டினார். செங்கல்லால் ஆன இதன் முகப்பு அலங்காரமாக அமைக்கப்பட்டது. இதற்குக் கீழே பெல்பரிலும் மில்போர்டிலும் ஸ்டிரட் தனியாக ஆலைகளையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் எழுப்பினார். ஆர்க்ரைட்டுடனான அவரது பங்காண்மை 1780களின் தொடக்கத்தில் முடிவுற்றிருந்தது. அதற்கும் கீழே, டார்பிக்கு அருகிலுள்ள டார்லி அபேயில் தாமஸ் இவான்ஸ் ஆலை நிறுவினார்.

இவ்வாறு ஆலைகளுக்கு இடையிலான தொலைவை ஆற்றின் வீழ்ச்சியே முடிவுசெய்தது. ஒரு சக்கரத்தைச் சுழற்றிய நீர், போதிய இறக்கம் கிடைத்த பின்னரே அடுத்த சக்கரத்தைச் சுழற்ற முடியும். ஆகவே ஒரு பெருநகரம் உருவாகாமல், ஆற்றின் போக்கில் இடைவெளி விட்டு அமைந்த சிறு ஆலையூர்களின் வரிசை உருவானது. ஒவ்வோர் ஊரும் ஓர் ஆலை, ஒரு குடும்பத்தின் உரிமை, ஒரு குடியிருப்பு என்றே அமைந்தது.

இவ்வரிசையின் இருண்ட பக்கமும் அதே வடிநிலத்தில் உள்ளது. குரோம்போர்டில் பெற்றோருடன் வாழ்ந்த சிறுவர்கள் வேலை செய்தனர். ஆளரவமற்ற மேற்பகுதிப் பள்ளத்தாக்குகளிலோ குடும்பங்கள் கிடைக்கவில்லை. அங்கு தொலைநகரங்களின் ஆதரவற்ற சிறுவர்கள் ஒப்பந்தப் பயிலுநர்களாகக் கொண்டுவரப்பட்டனர். வை ஆற்றங்கரையில் வேறு உரிமையாளர்களுக்குச் சொந்தமான லிட்டன் ஆலையில் இவ்வாறு வளர்ந்த ராபர்ட் பிளின்கோவின் வாழ்க்கை வரலாறு 1832 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அதிற் கூறப்பட்ட கொடுமைகள், தொழிற்சாலைச் சட்டங்களுக்கான இயக்கத்துக்கு வலுச்சேர்த்தன. நல்ல நீர்வீழ்ச்சி உள்ள இடம் பெரும்பாலும் ஊரில்லாத இடமாகவும் இருந்ததே இத்துயரத்துக்கு அடிப்படையாகும்.

பிற வடிநிலங்கள்

ஆர்க்ரைட் தமது முறையைப் பிற ஆறுகளுக்கும் கொண்டுசென்றார். டிரென்டின் மற்றொரு கிளையான டவ் ஆற்றின் கரையில் ரோசெஸ்டரில் 1780களின் தொடக்கத்தில் ஆலை அமைத்தார். லங்காசயரில் சோர்லிக்கு அருகே இருந்த அவரது பர்கேக்கர் ஆலை, 1779 ஆம் ஆண்டு அக்டோபரில் வேலையிழப்புக்கு அஞ்சிய கூட்டத்தினரால் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. குரோம்போர்டிலும் தாக்குதல் நிகழலாம் என எதிர்பார்த்து ஆயுதங்கள் திரட்டப்பட்டன. ஆனால் தாக்குதல் நடைபெறவில்லை.

1784 ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்துக்குச் சென்ற ஆர்க்ரைட், கிளைடு ஆற்றின் அருவிகளுக்கு அருகில் டேவிட் டேல் என்பவருடன் சேர்ந்து நியூ லனார்க் ஆலைகளைத் திட்டமிட்டார். விரைவில் அவர் பங்காண்மையிலிருந்து விலகினார். இதே நியூ லனார்க் பின்னர் ராபர்ட் ஓவனின் சமூகச் சீர்திருத்தங்களுக்குக் களமாயிற்று.

இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதும், தேர்ந்த கைவினைஞர் வெளியேறுவதும் பிரித்தானியச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் ஆலைமுறை கடல் கடந்தது. செருமனியில் ரைன் பகுதியின் ராட்டிங்கன் நகரில் யோகான் கோட்பிரீட் புரூகல்மன் 1783–84 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆலையை நிறுவி, அதற்குக் குரோம்போர்டு என்றே பெயரிட்டார். பெல்பரில் பிறந்து, மில்போர்டில் ஸ்டிரட்டிடம் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றார். இயந்திரங்களின் அமைப்பை நினைவில் கொண்டே பிளாக்ஸ்டோன் ஆற்றின் கரையிலுள்ள பாடக்கெட்டில் அவற்றை உருவாக்கினார். அங்கு 1793 ஆம் ஆண்டில் எழுந்த ஆலைக்குப் பின், டெர்வென்டைப் போன்றே பிளாக்ஸ்டோன் வடிநிலமும் ஆலையூர்களின் வரிசையாக மாறியது.

காப்புரிமை வழக்குகள்

ஆர்க்ரைட் தமது இயந்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்கு விற்று வருவாய் ஈட்டினார். உரிமம் பெறாமல் இயந்திரங்களைப் பயன்படுத்தியவர்கள் மீது 1781 ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தார். காப்புரிமை விவரக்குறிப்பு, இயந்திரத்தை அதைப் படித்து அமைக்க இயலாதவாறு தெளிவின்றி எழுதப்பட்டுள்ளது என்ற காரணத்தால் அவ்வழக்கில் தோல்வியுற்றார்.

1785 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடந்த மற்றொரு வழக்கில் அவர் வென்றார். அறிஞர்களான ஜேம்ஸ் வாட், இராஸ்மஸ் டார்வின் ஆகியோர் அவருக்கு ஆதரவாகச் சாட்சியமளித்தனர். ஏற்கெனவே பெரும் முதலீடு செய்திருந்த லங்காசயர் ஆலை உரிமையாளர்களுக்கு இத்தீர்ப்பு பேரச்சத்தை ஏற்படுத்தியது. அவ்வாண்டு சூனில் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. உருளை நூற்பைத் தாமே முதலில் உருவாக்கியதாகத் தாமஸ் ஹைஸ் சாட்சி கூறினார். ஹைசின் அமைப்பை ஆர்க்ரைட்டுக்குத் தெரிவித்தவர் தாமே என ஜான் கே கூறினார். சீவும் இயந்திரத்தின் பகுதி ஒன்று தமது குடும்பத்துக்கு உரியது என ஹார்கிரீவ்சின் குடும்பத்தினர் கூறினர். தீர்ப்பு ஆர்க்ரைட்டுக்கு எதிராக அமைந்தது. நவம்பரில் காப்புரிமை நீக்கப்பட்டது. ஹைசுக்கு இதனால் செல்வமோ பெரும்புகழோ கிடைக்கவில்லை.

காப்புரிமை நீங்கியதும் ஆலைகள் பெருகின. 1788 ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட கணக்கொன்றின்படி, பிரித்தானியாவில் இவ்வகை ஆலைகள் ஏறத்தாழ 140 இருந்தன. ஆர்க்ரைட்டின் செல்வமும் குறையவில்லை.

இறுதிக்காலம்

1786 ஆம் ஆண்டில் ஆர்க்ரைட்டுக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1787 ஆம் ஆண்டில் டார்பிசயரின் உயர் செரீப்பாகப் பதவி வகித்தார். பள்ளி சென்று பயிலாத குறையை நீக்க, நடுவயதுக்குப் பின்னும் எழுத்துப்பிழையின்றி எழுதவும் இலக்கணம் கற்கவும் நாள்தோறும் நேரம் ஒதுக்கினார் எனக் கூறப்படுகிறது. ஜோசப் ரைட் தீட்டிய உருவப்படத்தில், ஆர்க்ரைட்டின் அருகே மேசையின் மீது ஒரு தொகுதி நூற்பு உருளைகள் காணப்படுகின்றன. நீதிமன்றம் மறுத்த உரிமையை ஓவியத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

குரோம்போர்டில் தமக்கென வில்லர்ஸ்லி மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1791 ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீயால் பணி தடைப்பட்டது. அம்மாளிகையில் குடியேறாமலேயே, ஆகஸ்ட் 3, 1792 அன்று தமது 59 ஆவது வயதில் குரோம்போர்டில் காலமானார். அவரது சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 5 இலட்சம் பவுண் எனக் கூறப்பட்டது. ஆலைகளை மகன் ரிச்சர்ட் பெற்றார். அவர் பின்னாளில் நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். நூலும் பஞ்சும் எளிதிற் செல்வதற்காக ஆர்க்ரைட் ஆதரித்த குரோம்போர்டு கால்வாய், அவரது மறைவுக்குப் பின் 1794 ஆம் ஆண்டில் முழுமையடைந்தது.

தொழில் இடம்பெயர்தல்

ஆலைகளை டெர்வென்டுக்கு அழைத்துவந்த காரணங்கள் நீண்டகாலம் நிலைக்கவில்லை. நீராவி எந்திரம் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றத் தொடங்கியதும், ஆற்றின் வீழ்ச்சியைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை நீங்கியது. சாமுவேல் கிராம்ப்டன் 1779 ஆம் ஆண்டில் உருவாக்கிய மியூல் இயந்திரம் மேலும் நுண்ணிய நூலைத் தந்தது. நிலக்கரி, லிவர்பூல் துறைமுகம், கால்வாய்கள், பெருகிய மக்கள்தொகை ஆகிய அனைத்தும் லங்காசயரில் அருகருகே கிடைத்தன. ஆகவே 19 ஆம் நூற்றாண்டில் பருத்தித் தொழில் மான்செஸ்டரையும் அதைச் சூழ்ந்த நகரங்களையும் மையமாகக் கொண்டது. எதிர்ப்புக்கு அஞ்சி ஆர்க்ரைட் விட்டுவந்த மாவட்டத்துக்கே தொழில் திரும்பிச் சென்றது எனலாம்.

குரோம்போர்டுக்கு வேறோர் இடரும் நேர்ந்தது. ஈயச் சுரங்கங்களுக்காக இன்னும் ஆழத்தில் வெட்டப்பட்ட மீர்புரூக் வடிகால், பழைய வடிகாலின் நீரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. இது குறித்த வழக்கில், சுரங்கத்தாரின் தேவைக்காக வெட்டப்பட்ட செயற்கை நீரோட்டத்தின் மீது ஆலை உரிமையாளருக்கு நிலையான உரிமை இல்லை என 1839 ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்டது. 1840களில் நீர் வெகுவாகக் குறைந்து, குரோம்போர்டில் நூற்பு நலிந்தது. கட்டடங்கள் பின்னர் சலவையகம், சாயப்பொருள் உற்பத்தி முதலிய வேறு பயன்பாடுகளுக்கு உள்ளாயின. பேராற்றின் கரையில் அமைந்த மாசன் ஆலையோ 1991 ஆம் ஆண்டு வரை இயங்கியது.

மரபு

1979 ஆம் ஆண்டில் ஆர்க்ரைட் சங்கம் என்னும் அமைப்பு குரோம்போர்டு ஆலையை வாங்கிச் சீரமைக்கத் தொடங்கியது. மாட்லாக் பாத் முதல் டார்பி வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்துள்ள டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகள், 2001 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. தனியோர் ஆலைக்கு அன்றி, ஆற்றின் போக்கில் அமைந்த முழுத் தொகுதிக்குமே இம்மதிப்பு வழங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

உருளைகளால் திரியை இழுத்து மெலிதாக்கும் முறை, தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் உட்பட உலகெங்கும் உள்ள நூற்பாலைகளின் வளையச் சட்டங்களில் இன்றும் பயன்பட்டுவருகிறது. இந்தியத் துணியின் வலுவை எட்டுவதற்காக உருவான ஆலை நூல், 19 ஆம் நூற்றாண்டில் இந்தியச் சந்தைக்கே வந்து, கையால் நூற்போரின் வாழ்வாதாரத்தைக் குலைத்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

ஆர்க்ரைட்டைக் கண்டுபிடிப்பாளர் என்பதைவிட அமைப்பாளர் என்றே வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். பிறர் கருத்துகளைத் தமதாக்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டும், சிறுவர் உழைப்பின் மீது செல்வம் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உள்ளன. அதேவேளை, சிதறிக்கிடந்த கருத்துகளை இயங்கும் தொழிலாக மாற்றியவர் அவரே என்பதை எவரும் மறுப்பதில்லை. அவர் தேர்ந்த ஓடையும் வடிகாலும், அவற்றைச் சுற்றி எழுந்த ஊரும், ஒரு தொழில் எங்கு அமைகிறது என்பதை அதன் விசை மூலமே பெரிதும் முடிவுசெய்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.